வில்பத்துவில் முதல் சஃபாரி: 55-250 லென்ஸ் போதுமா, பெரியதை வாடகைக்கு எடுக்கவா?

வவுனியா ரீச்சர்

வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் ஜூலை நடுவில் வருகிறது. அனுராதபுரத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் வில்பத்து தேசிய பூங்காவுக்குப் போய் முழுநாள் ஜீப் எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. அண்ணன் போன தடவை வந்தபோது தன் கேனான் 250டி கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதனுடன் 18-55, 55-250 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. இதுவரை அதில் பாடசாலை விளையாட்டுப் போட்டியும் வீட்டு மல்லிகைப் பந்தலும்தான் எடுத்திருக்கிறேன். விளையாட்டுப் போட்டிப் படங்களில் பாதி மங்கல்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் வில்பத்துவைப் பார்த்ததில்லை. எங்கள் வயதுக்காரர் பலருக்கும் அப்படித்தான். 1988இல் மூடியதை 2003இல் திறந்தார்கள், பிறகு மறுபடியும் மூடி 2010இல் திறந்தார்கள். அதற்குள் வேலை, பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. இப்போது போகிறேன் என்றால் நாலு நல்ல படமாவது கொண்டுவர ஆசை. வகுப்பில் காட்டலாம்.

கொழும்பில் 150-600 லென்ஸை நாள் வாடகைக்குத் தருகிறார்கள் என்று ஒரு சகஆசிரியர் சொன்னார். அது இல்லாமல் போவது வீண் என்கிறார். வாடகை எனக்குச் சின்னத் தொகை அல்ல. என்னிடம் இருக்கும் 250 போதுமா? கமராவில் எதை எப்படி வைக்க வேண்டும்? பச்சைச் சதுரத்தில், அதாவது முழுத் தானியங்கியில், வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளுமா? ஜீப்பில் அம்மாவும் அண்ணனின் இரண்டு சிறுவர்களும் சேர்த்து ஆறு பேர் இருப்போம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஃப்-எட்டு

கமரா பற்றி மட்டும் சொல்கிறேன், காட்டைப் பற்றிச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பச்சைச் சதுரம் வேண்டாம். அது எந்த மிருகத்தையும் அறியாது. கண்ணுக்கு முன்னால் நிற்கும் முதல் சுள்ளியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் உள்ள சிறுத்தையை மங்கலாக்கிவிடும். மேல் சக்கரத்தை டிவி (Tv) என்று எழுதிய இடத்துக்குத் திருப்புங்கள். ஷட்டர் வேகத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், மற்றதைக் கமரா கணக்கிடுகிறது. நிற்கும், மெல்ல நடக்கும் மிருகத்துக்கு 1/500 நொடி. பறக்கும் பறவைக்கும் ஓடும் மானுக்கும் 1/1600க்குக் குறையாமல். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பை 6400 ஆக்குங்கள். படத்தில் குருணை தெரியும் என்று பயப்பட வேண்டாம். குருணையைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், அசைவில் வந்த மங்கலை எதனாலும் திருத்த முடியாது. உங்கள் விளையாட்டுப் போட்டிப் படங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஓடுகிற பிள்ளையின் காலை அது நிறுத்தாது.

குவியத்தை ஏஐ சர்வோவில் வையுங்கள், அது நகரும் மிருகத்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். வ்யூபைண்டரில் ஒன்பது புள்ளிகள் தெரியும். அவற்றில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை மிருகத்தின் கண்ணில் வையுங்கள். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்காதீர்கள். கை நீட்டிப் பிடித்தால் நடுக்கம் கூடும், வெயிலில் திரையும் தெரியாது. பதப்படுத்தாத ரா கோப்பாக எடுப்பதென்றால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். இந்தக் கமரா சில நொடிகளில் மூச்சு வாங்கி நின்றுவிடும், சிறுத்தை திரும்பிப் பார்ப்பது சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும். மூன்று நான்காக விட்டு விட்டு எடுங்கள்.

வாடகை லென்ஸ் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை.

சங்கிலிக்காரன்

எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. எடுக்க வேண்டாம்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், இருப்பது புத்தளம். 2010இல் கதவு திறந்ததிலிருந்து வில்பத்துவுக்குப் போய்வருகிறேன். லென்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ரீச்சர், உங்களுக்குக் கணக்குப் பயம் இருக்காது, பாருங்கள். உங்கள் கமராவின் சென்சர் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் அகலம். தூரத்தை 22ஆல் பெருக்கி லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்பது வந்துவிடும். 250இல், 30 மீட்டர் தள்ளி நிற்கும் மிருகத்தைச் சுற்றி 2.6 மீட்டர் விழும். வளர்ந்த சிறுத்தை ஒன்று மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு மீட்டர் அளவில் இருக்கும். படம் நிறைந்துவிட்டது. அதே இடத்தில் 600ஐ வைத்தால் 1.1 மீட்டர்தான் விழும், வாலும் இல்லை, பின்னங்காலும் இல்லை.

வில்பத்துக் காட்டின் தன்மை இதுதான்: அடர்ந்த காடு, அதற்குள் ஒரு ஜீப் போகும் அகலத்தில் மணல் பாதை. சிறுத்தைக்கும் அந்த மணலில் நடப்பதுதான் சுகம். பாதையில் அது எதிர்ப்பட்டால் இருபது, முப்பது மீட்டரில்தான் எதிர்ப்படும். அந்த நேரத்தில் 600காரர் லென்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

பாதை முடிந்து வில்லு வந்தால் கதை மாறும். மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளங்கள் அவை, சுற்றிலும் மணற்கரையும் புல்லும். அறுபதுக்குக் கிட்ட இருக்கின்றன. அங்கே அக்கரை முன்னூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 250இல் 26 மீட்டர் அகலம் விழும். யானை சின்னதாகத் தெரியும். தெரியட்டும். நீர், புல்வெளி, அதற்குப் பின்னால் மருதும் பாலையும் வீரையும் சுவராக நிற்க, நடுவே ஒற்றை யானை: அது எந்த மிருகக்காட்சிச்சாலையிலும் எடுக்க முடியாத படம். முகத்தை மட்டும் பெரிதாக எடுத்த படத்தைத் தெகிவளையில் எடுத்தேன் என்றாலும் நம்புவார்கள். அதோடு, காலை ஒன்பது ஒன்பதரைக்குப் பிறகு மணற்கரை சூடேறிக் கானல் எழும்பும். அந்த அனலை ஊடுருவிப் பார்க்கும் 600 லென்ஸ், தூரத்து மிருகத்தைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியவைத்துத்தான் தரும். படம் மங்கல் என்று லென்ஸைத் திருத்தக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி வெளிச்சம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் தொழில்முறையில் சொல்கிறேன். ஜூலை நடுவில் சூரியன் ஏறக்குறைய வட அகலக்கோடு 21.5 பாகைக்கு நேர்மேலே இருக்கிறது. வில்பத்து எட்டரைப் பாகைக்குக் கிட்ட. ஆகவே சூரியன் கிழக்குக்கு வடக்கே உதித்து, நடுப்பகலில் உச்சிக்கு வடக்கே நின்று, மேற்குக்கு வடக்கே மறையும். நாள் முழுவதும் அது வடபாதி வானத்தை விட்டு இறங்குவதே இல்லை. வில்லுவின் வடக்குக் கரையில் ஜீப்பை நிறுத்தித் தெற்கே பார்த்தீர்களென்றால் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கத்தில் இருக்கும். டிசம்பரில் போகிறவர் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கைபேசியில் திசைகாட்டி இருக்கிறது, அதைப் பாருங்கள், சாரதியிடம் கேட்க வேண்டாம். அவர் சிறுத்தை இருக்கும் திசையைத்தான் காட்டுவார்.

சாரதி என்றதும் நினைவுக்கு வருகிறது. எந்த லென்ஸை எடுப்பது என்று யோசிப்பதை விட, சாரதியிடம் என்ன சொல்வது என்று யோசிப்பது பயன் தரும். நுழைவாயிலில் டிக்கெட் வாங்கும்போதே, புறப்படும் முன்பே, நிதானமாகச் சொல்லுங்கள்: சிறுத்தை தேடி ஓட வேண்டாம், ஒரு வில்லுவில் ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் நாங்கள் சலிக்க மாட்டோம், படம் எடுக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சாரதிகள் சிங்களவர்கள். உங்கள் சிங்களம் எப்படியோ தெரியவில்லை, ஆனால் 'ஹெமின்' என்றால் மெதுவாக, 'எஞ்சின் எக்க நவத்தன்ன' என்றால் இயந்திரத்தை நிறுத்துங்கள், 'டிக்கக் இன்ன' என்றால் கொஞ்சம் இருங்கள். இந்த மூன்றும் உங்கள் 250ஐ 400 ஆக்கிவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. இயந்திரம் ஓடும் ஜீப்பின் கம்பியில் முழங்கை ஊன்றி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், டீசல் எத்தனை தடவை வெடித்தது என்று எண்ணலாம்.

இப்படிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், யாரோ ஒரு சாரதிக்கு யாரோ ஒருவர் கைபேசியில் சொல்லுவார், உங்கள் ஜீப் மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடும், போய்ச் சேரும்போது அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கும், முன்னால் நிற்கிறவரின் தொப்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு வால் தெரியும். யால பூங்காவின் முதலாம் வலயத்தில் இது அன்றாடம். வில்பத்து அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. 1,317 சதுர கிலோமீட்டர், இலங்கையிலேயே பெரிய தேசிய பூங்கா. தனித்து நிற்க இடம் தாராளமாக இருக்கிறது. அந்த வசதியை விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்பானேன்?

நின்றால் என்ன வரும் என்று கேட்பீர்கள். கேளுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன், காதால். புள்ளிமான் கூவும், மரத்தின் மேல் மந்தி குரைக்கும். மந்தி எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறதோ அந்தப் பக்கத்தை நீங்களும் பாருங்கள். இயந்திரம் ஓடும் ஜீப்பில் இது ஒன்றும் கேட்காது. எதுவும் வராவிட்டாலும் வில்லுக்கரையில் வேலை இருந்துகொண்டே இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு முதலை கிடக்கும், தாமரை இலை மேல் இலைக்கோழி நடக்கும், ஒற்றைப் பட்டுப்போன கிளையில் பஞ்சுருட்டான் பறந்து பறந்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும். பஞ்சுருட்டான் தொடக்கக்காரருக்கு நல்ல ஆசான். திரும்பி வரும் இடம் முன்கூட்டியே தெரிவதால் குவியத்தைக் கிளையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

ஜூலை என்பதால் இன்னும் ஒன்று. பாலைப்பழக் காலத்தின் கடைசி. மழையைப் பொறுத்து முன்பின் ஆகும், ஆனால் மரங்களில் மிச்சப் பழம் இருக்கலாம். கரடி பழத்துக்காக மரத்தில் ஏறும். எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டு போவார்கள், நீங்கள் பாலை மரங்களின் கவட்டைப் பாருங்கள். கரடி கிடைத்தால் ஒரு சங்கடமும் சேர்ந்து கிடைக்கும்: கறுப்பு மிருகம், பின்னால் வெளிச்சமான வானம். கமரா வானத்தைப் பார்த்து ஏமாந்து, கரடியைக் கரிக்கட்டையாக்கிவிடும். வெளிச்சத் திருத்தம் என்ற பொத்தானை அழுத்தி அளவுகோலில் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேல் கூட்டுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும், கரடியின் முகத்தில் மயிர் தெரியும். நேர் மாறாக, இருண்ட காட்டுச் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கோ மஞ்சள்மூக்கு நாரையோ நின்றால் ஒன்று குறையுங்கள். இல்லாவிட்டால் சிறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

முக்காலி கொண்டுபோக வேண்டாம், ஜீப்பில் அதற்கு இடமும் இல்லை. தடித்த தலையணை உறையில் இரண்டு கிலோ பச்சைப்பயறு போட்டுத் தைத்துக் கம்பியில் வைத்து அதன் மேல் லென்ஸை வையுங்கள். திரும்பி வந்து அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடலாம்.

நொய்யல்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வில்பத்துவுக்கு ஒருமுறை வந்திருக்கிறேன், மற்றபடி என் காடு மசினகுடிப் பக்கம். சங்கிலிக்காரன் ஐயாவின் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் டீச்சருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும்.

மிருகம் முப்பது மீட்டரில் வந்தால் 250 போதும், சரி. வராவிட்டால்? வில்லுவின் அக்கரையில், எழுபது எண்பது மீட்டரில், நிழலில் சிறுத்தை படுத்திருந்தது. நான் பார்த்தது அப்படித்தான். ஐயாவின் கணக்கையே போடுங்கள்: எண்பது மீட்டரில் 250க்கு ஏழு மீட்டர் அகலம் விழுகிறது. சிறுத்தை அதில் ஒரு மூலையில் தெரியும். 600க்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாம். பறவைகளைச் சொல்லவே வேண்டாம், 250இல் மீன்கொத்தி ஒரு நீலப் பொட்டு. கானல் உண்மைதான், ஆனால் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கானல் கிடையாதே. நல்ல வெளிச்சமும் அப்போதுதான் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நான் பெரிய லென்ஸைச் சுமப்பேன்.

எங்கள் ஊர்ப் புலிக்காப்பகங்களில் சஃபாரி என்றால் குறித்த நேரம், குறித்த பாதை. வண்டியை ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். வில்பத்துவில் விடிந்ததிலிருந்து அந்தி வரை உள்ளே இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அதனால் காத்திருக்கச் சொல்லும் யோசனையை இரண்டு கையாலும் ஆதரிக்கிறேன். லென்ஸ் விஷயத்தில் மட்டும் டீச்சர் தன் பணப்பையைப் பார்த்து முடிவு செய்யட்டும். அண்ணன் கனடாவிலிருந்து வருகிறாரே, வாடகையை அவர் தலையில் கட்டலாமே?

சங்கிலிக்காரன்

நொய்யல் தம்பி, எண்பது மீட்டர் சிறுத்தையை மறுக்கவில்லை. ஆனால் அந்த லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. முதல் தடவை பிடிக்கிறவர் அதன் ஒடுங்கிய பார்வைக்குள் மிருகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மிருகம் எழுந்து போய்விடும். நாள் வாடகைக்கு எடுத்தால் பழக எங்கே நாள் இருக்கிறது? ஒரு வாரம் எடுத்து, காலையில் வவுனியாக் குளக்கட்டில் நின்று நீர்க்காகத்தையும் பருந்தையும் விரட்டி விரட்டி எடுத்துப் பழகிவிட்டுத்தான் காட்டுக்குள் போவேன் என்று ரீச்சர் சொன்னால், நானும் எடுக்கச் சொல்வேன்.

உண்மையில் எந்த லென்ஸாக இருந்தாலும் குளக்கட்டுக்குப் போங்கள், ரீச்சர். எஃப்-எட்டு சொன்னதை எல்லாம் அங்கே வைத்துப் பாருங்கள். திருத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கரடிக்கு முன்னால் தேடக் கூடாது. கண்ணை வ்யூபைண்டரிலிருந்து எடுக்காமல் விரல் அங்கே போக வேண்டும்.

வவுனியா ரீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாடகை லென்ஸ் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். நொய்யல் அண்ணாவின் யோசனைப்படி கட்டணத்தை அண்ணன் தலையில் கட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு நாள் ஜீப் எடுக்கலாமே என்றார். அது நல்ல கணக்காகத் தெரிந்தது. இப்போது இரண்டு நாள் போகிறோம்.

இன்று காலை குளக்கட்டுக்கும் போனேன். டிவி, 1/1600, நடுப்புள்ளி. பருந்து பறக்கும் படங்களில் சிலவற்றில் கண் தெளிவாக இருக்கிறது. மிச்சத்தில் வானம் தெளிவாக இருக்கிறது. ஒரு மாணவியின் தகப்பனார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ரீச்சர் ஏதாவது திணைக்கள வேலையா என்று கேட்டார்.

இன்னும் சில சந்தேகங்கள். அம்மாவுக்கு எழுபது வயது, முதுகு வலி இருக்கிறது. சங்கிலிக்காரன் ஐயா, அந்த மணல் பாதையில் நாள் முழுவதும் தாங்குவாரா? சிறுவர்கள் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பார்களா என்பதும் எனக்குப் பயம். சிறுத்தையைக் காட்டுவேன் என்று அண்ணன் அவர்களுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறார். தூசிக்கு என்ன செய்வது? லென்ஸை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்குமா?

எஃப்-எட்டு

தூசிக்கு மட்டும் பதில். லென்ஸை மாற்றவே வேண்டாம். 55-250 காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்க வேண்டும். அகலமான காட்சிகளையும் குடும்பப் படங்களையும் கைபேசியில் எடுங்கள், 18-55ஐ வீட்டில் விடுங்கள். ஜீப் ஓடும்போது கமராவை ஒரு பழைய பருத்தித் துணியால் மூடி மடியில் வையுங்கள். பையில் போட்டு ஜிப் மூடினால் தேவைப்படும் நொடியில் வெளியே வராது. லென்ஸின் முன்கண்ணாடியில் மணல் பட்டால் துடைக்காதீர்கள், முதலில் ஊதுங்கள், துடைத்தால் கீறும். மேலதிக மின்கலம் ஒன்று வாங்குங்கள், மூன்றாம் தரப்பு என்றாலும் பரவாயில்லை. இரண்டு நாளும் இரவில் படங்களை அழித்து இடம் பண்ணுகிற வேலை வேண்டாம், இன்னொரு நினைவக அட்டை எடுத்துப் போங்கள். ஜீப்பின் குலுக்கலில் சின்னத் திரையில் பார்த்து மங்கல் என்று அழித்த படம் எத்தனையோ கணினியில் நன்றாக இருந்திருக்கும்.

ஃப்ளாஷ் தவறியும் எழும்பக் கூடாது. 250டியில் அது தானாக எழும்பாது, கையால் தூக்கினால்தான் எழும்பும், ஆகவே மூடியே வையுங்கள்.

சங்கிலிக்காரன்

இரண்டு நாள் என்று கேட்டதில் மகிழ்ச்சி. அது எந்த லென்ஸையும் விடப் பெரியது.

அம்மாவை ஜீப்பின் பின்வரிசையில் உட்காரவைக்காதீர்கள். பின்னச்சுக்கு மேலே இருக்கும் இருக்கைதான் தூக்கித் தூக்கிப் போடும். சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையோ, சாரதிக்குப் பக்கத்து ஆசனமோ அவருக்கு. முன் ஆசனத்தில் உயரம் குறைவு, ஏறி இறங்கவும் சுலபம். முதுகுக்கு ஒரு தலையணை. முதல் நாள் அரைநாள் போதும் என்று அவர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது பின்வரிசைதான். இரண்டு பக்கமும் பார்க்கலாம், யாருடைய தோளும் குறுக்கே வராது. இந்த ஜீப்புகளில் இருக்கைகள் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்தால் மிருகத்தைக் குனிந்து பார்ப்பது போலவே எல்லாப் படமும் வரும். ஜீப் நின்றதும் இருக்கையிலிருந்து இறங்கி ஜீப்பின் தரையில் உட்கார்ந்து, பக்கக் கம்பிக்குக் கீழால் எடுங்கள். ஒரு முழம் இறங்கினால் போதும், கிட்ட இருக்கும் மான் நம்மைப் பார்க்கிற படம் வேறு மாதிரி இருக்கும். ஜீப்பை விட்டு இறங்குவது மட்டும் கிடையாது. அனுமதித்த ஓய்விடத்தைத் தவிர வேறெங்கும் கால் தரையில் படக் கூடாது. கையோ லென்ஸோ வெளியே நீண்டுகொண்டிருக்கவும் வேண்டாம், பாதையோரத்து முள்ளுக்கு அது நன்றாகத் தெரியும்.

சிறுவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு வியப்பாக இருக்கிறது, ரீச்சர் நீங்கள்தானே. அவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவன் இருகண்ணோக்கியோடு மரக்கவடுகளைப் பார்க்கட்டும், மற்றவன் மணலில் காலடித் தடம் தேடட்டும். காலையில் முதல் ஜீப்பாகப் போனால் இரவு நடந்த தடங்கள் அழியாமல் கிடக்கும். யானைத் தடம், மரைத் தடம், கரடித் தடம் என்று வித்தியாசம் காணும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது. அந்தத் தடங்களையும் படம் எடுங்கள். சாய்ந்த வெயிலில் தடத்தின் விளிம்பு நிழலோடு விழும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. வகுப்பில் காட்டச் சிறுத்தையின் முகத்தை விட அதுதான் கூடப் பயன்படும்.

வாக்குக் கொடுத்த அண்ணன் அதை இப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். சிறுத்தை வரலாம், வராமலும் போகலாம். இரண்டு நாளும் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு.

நேரம். ஆறு மணிக்கு ஹுனுவிலகம வாயில் திறக்கும். ஐந்தரைக்கே போய் நின்றால்தான் முதல் ஜீப்புகளில் ஒன்றாக உள்ளே போகலாம், ஆகவே அனுராதபுரத்திலிருந்து நாலேகாலுக்குள் புறப்படுங்கள். காலை உணவைப் பொதி கட்டித் தரும்படி தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள், விடியற்காலையில் கேட்டால் பாண் மட்டும்தான் கிடைக்கும். மாலையில் ஆறுக்குள் வெளியே இருக்க வேண்டும். உள்ளே தூரத்து வில்லுகளிலிருந்து வாயிலுக்கு வர மணல் பாதையில் நேரம் எடுக்கும், ஆகவே கடைசி வெளிச்சத்தை வாயிலுக்குக் கிட்ட உள்ள வில்லு ஒன்றில் செலவழிப்பது என்று சாரதியோடு முன்கூட்டியே பேசுங்கள். பதினொன்றிலிருந்து இரண்டரை வரை திறந்த வெளியில் படம் எடுக்க முயல வேண்டாம். அப்போது நிழல் பாதைகளில் போங்கள், ஆந்தையும் இருவாய்ச்சியும் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு கொஞ்சம் கண் அயருங்கள்.

நொய்யல்

தடம் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தடத்துக்குப் பக்கத்தில் அளவுக்கு எதையாவது வைத்து எடுப்பது வழக்கம், ஆனால் இறங்க முடியாதே. ஜீப்பின் சக்கரத் தடமும் அதே படத்தில் விழும்படி எடுங்கள் டீச்சர், மாணவர்களுக்கு அளவு புரிந்துவிடும். அந்த இரண்டு கிலோ பச்சைப்பயறை விமானத்திலோ ரயிலிலோ சுமக்க வேண்டியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் போகிற இடத்தில் கடையில் அரிசி வாங்கித்தான் பையை நிரப்புவேன்.

வவுனியா ரீச்சர்

குறித்துக்கொண்டேன். அம்மா முன் ஆசனம்தான் வேண்டும் என்கிறார், ஆனால் முதுகுக்காக அல்ல, முதலில் பார்ப்பது தானாக இருக்க வேண்டுமாம். பச்சைப்பயறை மூன்று கிலோவாக்கச் சொன்னதும் அவர்தான்.